பட்டுப்புழு முட்டையின் உறக்கமும் உழவரின் நாட்காட்டியும்

கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் மழை குறைந்த நிலங்களும் அம்மாநில எல்லைக்குள் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தலூர், வட்டவடைப் பகுதிகளும், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு அட்டப்பாடியும், சித்தூர் வட்டமும் அத்தகையவை. இப்பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மறையூரிலிருந்து சின்னாறு வழியாக இறங்கும் சாலை உடுமலைப்பேட்டையை அடைகிறது. சித்தூரிலிருந்து பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் அண்மையில் உள்ளன. முசுக்கொட்டை எனப்படும் மல்பெரி மிகுமழையை விரும்பாத பயிர்; ஆதலால் இவ்வெல்லை நிலங்கள் பட்டு வளர்ப்புக்கு ஏற்றவையாக அமைந்துள்ளன. மலைக்குக் கிழக்கே உள்ள உடுமலைப்பேட்டை வட்டாரம், வெண்பட்டுக் கூடு உற்பத்தியில் தமிழ்நாட்டின் முன்னணிப் பகுதிகளுள் ஒன்றாகும்.

பட்டு வளர்ப்பைத் தொழிலாக மேற்கொள்ள விரும்பி வங்கியை நாடுவோர் தோட்டம், சொட்டுநீர்ப் பாசனம், வளர்ப்பு மனை, தாங்கிகள், தெளிப்பான் ஆகியவற்றுக்கான மதிப்பீட்டுடன் வருகின்றனர். அம்மதிப்பீட்டில் முட்டைக்கான செலவு மிகச் சிறிய வரி. எனினும் மற்ற எல்லா முதலீடும் பலன் தருமா என்பது பெரும்பாலும் அச்சிறு வரியைப் பொறுத்தே அமைகிறது. முட்டை குறித்த நாளில் ஒருசேரப் பொரிந்தால் தோட்டத்து இலையும், வீட்டார் உழைப்பும், கடன் தவணையும் தத்தம் காலத்தில் நடைபெறும். அது பிசகினால் அனைத்தும் பிசகும். ஆகவே பட்டுப்புழு முட்டை எப்போது உறங்குகிறது, எதனால் விழிக்கிறது, அதன் உறக்கத்தை மனிதர் எவ்வாறு ஆள்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

மூவகை இனங்கள்

மல்பெரிப் பட்டுப்புழு முற்றிலும் வீட்டு வளர்ப்புக்கு உட்பட்ட உயிர். பல்லாயிரம் ஆண்டு வளர்ப்பினால் அதன் அந்துப்பூச்சி பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. புழுவும் தானே இலை தேடிச் செல்வதில்லை. ஆயினும் ஒரு பழைய இயல்பை அது இன்றும் விடவில்லை. அது பருவத்தை உணர்ந்து முட்டையிடும் இயல்பாகும்.

ஓர் ஆண்டில் இயற்கையாக எத்தனை தலைமுறைகள் தோன்றுகின்றன என்பதைக் கொண்டு பட்டுப்புழு இனங்களை மூவகையாகப் பிரிப்பர். ஆண்டுக்கு ஒரே தலைமுறை காண்பது ஒருசந்ததி இனம். ஐரோப்பிய இனங்கள் இவ்வகையின. காஷ்மீரத்தில் வசந்த காலத்தில் வளர்க்கப்பட்டு வந்தவையும் இவையே. ஆண்டுக்கு இரு தலைமுறைகள் காண்பது இருசந்ததி இனம். சீன, ஜப்பானிய இனங்கள் பலவும் இதில் அடங்கும். ஆண்டு முழுவதும் இடைவிடாது தலைமுறை பெருக்குவது பலசந்ததி இனம். தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வளர்க்கப்படும் தூய மைசூர் இனம் இதற்குச் சான்று.

இவற்றின் பட்டிலும் வேறுபாடு உண்டு. இருசந்ததிக் கலப்பினக் கூட்டிலிருந்து 1,000 மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் இழை கிடைக்கும். தூய மைசூர்க் கூட்டில் அதில் பாதியளவும் கிடைப்பது அரிது. நீண்டு, வெண்மையாக, சீராக வரும் இருசந்ததி இழையே தானியங்கி நூற்பு இயந்திரங்களுக்கு உகந்தது. சந்தையில் வெண்பட்டுக் கூட்டுக்குக் கூடுதல் விலை கிடைப்பது இதனால்தான். ஆனால் உறங்கும் முட்டையை இடுவதும் இந்த இருசந்ததி இனமே. நல்ல பட்டும் உறங்கும் முட்டையும் ஒரே இனத்தில் சேர்ந்து அமைந்திருப்பதால், முட்டையின் உறக்கத்தை ஆளக் கற்றவரே வெண்பட்டு வளர்க்க இயலும்.

உறக்கநிலை என்பது யாது?

அந்துப்பூச்சி ஒன்று ஏறத்தாழ 400 முதல் 500 முட்டைகள் வரை இடும். ஒரு தாய் இட்ட முட்டைகள் அனைத்தும் சேர்ந்தது ஒரு முட்டைத் தொகுதி. புதிதாக இட்ட முட்டை வெளிர்மஞ்சள் நிறமுடையது. உறங்காத முட்டையாயின் அந்நிறத்திலேயே இருந்து, உள்ளே கரு வளர்ந்து, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 நாட்களளவில் பொரிந்துவிடும். உறங்கும் முட்டையாயின் இரண்டு மூன்று நாட்களில் செந்நிறம் கலந்து, பின் பழுப்பாகி, இறுதியில் கருஞ்சாம்பல் நிறம் அடையும். முட்டையின் உள்ளுறையில் நிறமி படிவதே இம்மாற்றத்துக்குக் காரணம்.

வெளியே நிறம் மாறும்போது உள்ளே கருவின் வளர்ச்சி நிற்கிறது. தலைப்பகுதியும் வாற்பகுதியும் உருப்பெறத் தொடங்கிய தொடக்க நிலையிலேயே செல் பிரிதல் ஓய்ந்துவிடுகிறது. சுவாசம் மிகக் குறைகிறது. முட்டையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் எனும் சேமிப்பு மாவுப்பொருள், சார்பிட்டால், கிளிசரால் ஆகிய பொருள்களாக மாறுகிறது. இவை குளிரில் முட்டை உறைந்து அழியாதபடி காப்பவை. உறக்கம் நீங்கும் வேளையில் இப்பொருள்கள் மீண்டும் கிளைக்கோஜனாக மாறிக் கரு வளர்ச்சிக்கு உதவுகின்றன.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். வெப்பம் குறைந்ததால் சோர்ந்து கிடப்பது வேறு, உறக்கநிலை வேறு. சோர்ந்து கிடக்கும் முட்டையை வெதுவெதுப்பான அறைக்குக் கொணர்ந்தால் வளர்ச்சி உடனே தொடரும். உறக்கநிலையில் உள்ள முட்டையை அவ்வறையில் எத்தனை நாள் வைத்தாலும் அது விழிக்காது. பல வாரங்கள் குளிரில் கிடந்த பிறகே அது வெப்பத்துக்குச் செவிசாய்க்கும். குளிர் இன்றியே நெடுநாள் வைத்திருந்தால் பொரியாமலே மடியும். ஒரு சில மட்டும் முன்பின்னாகப் பொரியவும் கூடும். குளிர்நாட்டில் இலையுதிர்காலத்து வெயில் நாள் ஒன்றை நம்பி விழித்துக்கொண்டால், புழுவுக்கு உண்ண இலை இராது. அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க இயற்கை அமைத்த காவலே இது.

முடிவு செய்பவள் தாய்

ஒரு முட்டை உறங்குமா, உறங்காதா என்பது அம்முட்டை இடப்பட்ட நாளின் வானிலையால் தீர்மானிக்கப்படுவதில்லை. அதனை இட்ட தாய், தான் முட்டையாக இருந்து பொரிந்த காலத்தில் பெற்ற வெப்பமும் வெளிச்சமுமே அதனைத் தீர்மானிக்கின்றன. ஜப்பானிய அறிஞர் கோகுரே 1933இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இதனை நிலைநாட்டியது. இருசந்ததி முட்டைகளை 25 டிகிரி வெப்பத்தில் வெளிச்சத்தில் பொரிக்க வைத்தால், அவற்றிலிருந்து வளரும் பெண் அந்துப்பூச்சிகள் உறங்கும் முட்டைகளை இடுகின்றன. 15 டிகிரி வெப்பத்தில் இருளில் பொரிக்க வைத்தால், உறங்காத முட்டைகளை இடுகின்றன. இடைப்பட்ட 20 டிகிரி அளவில் வெளிச்ச நேரத்தின் நீளமே முடிவு செய்கிறது.

மேற்போக்காகப் பார்த்தால் இது தலைகீழாகத் தோன்றும். வெப்பத்தில் பிறந்தவள் ஏன் குளிருக்கு ஆயத்தமான முட்டையை இட வேண்டும்? குளிர்நாட்டின் பருவங்களை வரிசைப்படுத்தினால் விடை கிடைக்கும். குளிர்காலம் கழித்து இளவேனிலின் தண்மையில் பொரியும் புழு, கோடையில் அந்துப்பூச்சியாகிறது. அதன் மக்களுக்கு இன்னும் இலை உண்டு. ஆகவே உடனே பொரியும் முட்டையை இடுகிறது. கோடையின் வெப்பத்திலும் நீண்ட பகலிலும் பொரியும் அடுத்த தலைமுறை, இலையுதிர்காலத்தை நெருங்கி அந்துப்பூச்சியாகிறது. அதன் மக்களுக்கு முன்னே நிற்பது பனிக்காலம். ஆகவே உறங்கும் முட்டையை இடுகிறது.

தாயின் உடலில் இம்முடிவு எவ்வாறு முட்டைக்குச் சென்று சேர்கிறது? 1950களின் தொடக்கத்தில் ஹசெகாவா, புகுதா ஆகிய ஜப்பானிய அறிஞர்கள் இதற்கு விடை கண்டனர். பெண் கூட்டுப்புழுவின் உணவுக்குழலுக்குக் கீழே உள்ள நரம்புமுடிச்சு ஒன்று ஓர் இயக்குநீரைச் சுரக்கிறது. அது சூலகத்தில் முதிர்ந்துகொண்டிருக்கும் முட்டைகளை அடையின் அவை உறங்கும் முட்டைகளாகின்றன, அடையாவிடின் உறங்காதவையாகின்றன. உறக்க இயக்குநீர் எனப்படும் அது 24 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதத்துண்டு என்பது 1991இல் தெளிவாயிற்று.

குளிர் இல்லாத நாட்டில் இருசந்ததி இனம்

இனி நம் நிலத்துக்கு வருவோம். தென்னிந்திய வித்தகங்களில் முட்டைகள் 25 டிகிரி வெப்பத்திலேயே பொரிக்க வைக்கப்படுகின்றன. கோகுரேயின் விதிப்படி, அவ்வாறு வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைத் தாயும் உறங்கும் முட்டைகளையே இடுகிறாள். வரவிருக்கும் பனிக்காலத்துக்கென அவள் ஆயத்தம் செய்கிறாள். பாலக்காட்டுக் கணவாயிலோ பனிக்காலம் வருவதே இல்லை. ஜப்பானில் ஆண்டுக்கு ஒருமுறை உறங்கிய இனம், இங்கே மனிதர் தலையிடாவிடில் ஒவ்வொரு முறையும் உறங்கும். பின் விழிக்க வழியின்றி அழியும்.

பலசந்ததி இனம் தென்னாட்டில் நிலைபெற்றதன் காரணம் இதனால் விளங்கும். 18ஆம் நூற்றாண்டில் திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. அந்நாளில் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால், மாகாணத்தின் முதன்மையான பட்டு வளர்ப்புப் பகுதியாக விளங்கியது. 1956இல் மாநில மறுசீரமைப்பின்போது அது மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. குளிரறையும் அமிலமும் இல்லாத காலத்தில் உறங்காத இனம் ஒன்றே உழவர் கையில் தொடர்ந்து உயிர்வாழ முடிந்தது.

தூய இனத்தின் உறுதியையும் வெளிநாட்டு இனத்தின் பட்டையும் ஒன்றுசேர்க்கும் வழியைக் கலப்பினம் தந்தது. சயாம் நாட்டில் பணியாற்றித் திரும்பிய ஜப்பானிய அறிஞர் தோயாமா, 1906இல் பட்டுப்புழுவில் மெண்டலின் மரபியல் விதிகள் செயற்படுவதைக் காட்டினார். கலப்பின வீரியத்தைப் பட்டு வளர்ப்புக்குப் பயன்படுத்துமாறும் அவர் பரிந்துரைத்தார். நம் நாட்டில் தூய மைசூர்த் தாயும் இருசந்ததித் தந்தையும் சேர்ந்த கலப்பினமே நெடுங்காலம் வயல்களில் பரவியிருந்தது. முட்டையின் உறக்கம் தாயைப் பின்பற்றுவது என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். தாய் பலசந்ததி இனமாதலால் இக்கலப்பின முட்டை உறங்குவதில்லை. இட்ட 10 நாட்களளவில் பொரிந்துவிடுகிறது. அதே இரு இனங்களையே தாய் தந்தை மாற்றிச் சேர்த்தால் முட்டை உறங்கிவிடும்.

வெண்பட்டுக்குத் தாயும் தந்தையும் இருவருமே இருசந்ததி இனமாக இருத்தல் வேண்டும். மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம், ஜப்பானியக் கூட்டுறவுடன் 1991இல் தொடங்கிய திட்டத்தின் பயனாக, நம் வெப்பநிலைக்கு ஏற்ற சி.எஸ்.ஆர். வரிசை இனங்களை உருவாக்கியது. சி.எஸ்.ஆர். 2, சி.எஸ்.ஆர். 4 ஆகியவற்றின் கலப்பினமும், பின்னர் வந்த இரட்டைக் கலப்பினங்களும் தமிழ்நாட்டிலும் அதன் எல்லைப் பகுதிகளிலும் வெண்பட்டுக்கு வழிவகுத்தன.

உறக்கத்தை நீட்டும் குளிரறை

உறங்கும் முட்டையை ஒரு குறையாக மட்டும் கருதலாகாது. உறங்காத முட்டை எவருக்காகவும் காத்திராது. உறங்கும் முட்டையைச் சேமித்து வைக்கலாம். சேமிக்கத்தக்க பொருளுக்கே திட்டமிட்ட உற்பத்தி இயலும்.

ஜப்பானில் மின்சாரக் குளிரூட்டி பரவுவதற்கு முன், மலைப்பாறைகளின் இடுக்குகளிலிருந்து கோடையிலும் வெளிவரும் குளிர்காற்றைப் பயன்படுத்தி முட்டைகளைச் சேமித்தனர். குன்மா மாநிலத்தின் அராபுனே என்னுமிடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த குளிர்க்கிடங்கு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முட்டைகளைப் பெற்றுப் பாதுகாத்தது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை நடந்த வளர்ப்பைப் பலமுறை நடத்த முடிந்தது. 2014இல் தொமியோகா பட்டாலையுடன் இக்கிடங்கின் எச்சங்களும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இன்றைய வித்தகங்களில் அக்குளிர்க்காற்றின் இடத்தைக் குளிர்பதன அறை பெற்றுள்ளது. 4 மாதம், 6 மாதம், 10 மாதம் எனத் தேவைக்கேற்ற அட்டவணைகள் உள்ளன. முட்டையை இட்டவுடன் குளிரில் வைப்பதில்லை. முதலில் 25 டிகிரியில் சில வாரங்கள் வைத்து உறக்கம் நன்கு நிலைபெறச் செய்வர். பின் 20, 15, 10, 5 எனப் படிப்படியாக வெப்பத்தைக் குறைப்பர். வெளியே எடுக்கும்போதும் இடைப்பட்ட வெப்பத்தில் சில நாட்கள் வைத்தே 25 டிகிரிக்குக் கொணர்வர். இயற்கையில் கோடையும் கூதிரும் பனியும் வேனிலும் செய்யும் பணியை நான்கு சுவர்களுக்குள் செய்துமுடிப்பதே இம்முறை.

உறக்கத்தைத் தவிர்க்கும் அமிலம்

உடனே முட்டை தேவைப்படும்போது பின்பற்றும் வழி அமிலச் சிகிச்சை. இட்டு ஏறத்தாழ 20 முதல் 24 மணி நேரம் ஆன முட்டைகளை, 46 டிகிரி வெப்பத்தில் உள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 5 நிமிடம் அமிழ்த்துவர். அமிலத்தின் அடர்த்தியெண் 1.075 என்று இருத்தல் வேண்டும். பின்னர் அமிலச் சுவடு அறவே நீங்கும்வரை நீரில் அலசி நிழலில் உலர்த்துவர். இவ்வாறு செய்த முட்டை உறக்கநிலைக்குள் செல்லாது வளர்ச்சியைத் தொடர்ந்து, 10 அல்லது 11 நாட்களில் பொரியும். குளிர்ந்த அமிலத்தில் நெடுநேரம் அமிழ்த்தும் முறையும் உண்டு. அதற்குக் கூடுதல் அடர்த்தி தேவை.

மணி நேரம் தவறினாலோ, வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி மிகுந்தாலோ, அடர்த்தி பிசகினாலோ முட்டை மடியும், அல்லது பாதி உறங்கிப் பாதி பொரியும். எனவே இது வித்தகத்தில் பயிற்சி பெற்றோர் மட்டுமே செய்யத்தக்கது. வித்தகத்தின் மற்றொரு கடமை நோய்ச் சோதனை. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் நோக்கி, பெப்ரின் நோயின் வித்துகள் இல்லையென உறுதி செய்த பின்னரே முட்டைத் தொகுதி வழங்கப்படுகிறது. 1865 முதல் சில ஆண்டுகள் பிரான்சின் அலே நகரில் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர் வகுத்த முறை இது. நோயற்ற முட்டைத் தொகுதி என்று நாம் கூறும் பெயரின் பொருளும் இதுவே.

வித்தகத்திலிருந்து வளர்ப்பு மனை வரை

விழித்த முட்டை மீண்டும் உறங்காது. ஆதலால் வித்தகத்தை விட்டு வெளிவந்த நொடியிலிருந்து அதன் காலம் எண்ணப்படுகிறது. எல்லைப் பகுதி உழவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

உடுமலைப்பேட்டைச் சமவெளியிலிருந்து மறையூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அச்சிறு தொலைவுக்குள் சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. காந்தலூர் அதனினும் உயரம். நண்பகலில் சமவெளியின் வெயிலில் புறப்பட்ட முட்டை, மாலையில் மலையின் குளிரில் இறங்குமாயின், கருவின் வளர்ச்சி ஒரு சீராக நடைபெறாது. பாலக்காட்டுப் பக்கத்தில் இடர் வேறு வகை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கணவாய்ப் பகுதியின் வெப்பம் 40 டிகிரியை நெருங்குவதுண்டு. நிறுத்தி வைத்த வாகனத்துள் அதனினும் மிகும். ஒரு பிற்பகல் முழுதும் அவ்வெப்பத்தில் கிடந்த முட்டையில் கரு உள்ளேயே மடிந்துவிடக்கூடும்.

ஆகவே முட்டையை அதிகாலையிலோ அந்திக்குப் பின்னரோ எடுத்துவருதல் வேண்டும். காற்றோட்டமுள்ள பையில், ஈரத்துணி சூழ, ஒன்றன்மீது ஒன்று அழுந்தாதபடி வைத்தல் வேண்டும். உரம், பூச்சிமருந்து, புகையிலை ஆகியவற்றுடன் ஒரே வண்டியில் கொணர்தல் கூடாது.

அடைகாக்கும் அறையில் 25 டிகிரி வெப்பமும் 75 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும் நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சமும் இருத்தல் நலம். பொரிப்பதற்கு இரு நாள் முன் ஒவ்வொரு முட்டையிலும் குண்டூசித் தலையளவில் ஒரு கரும்புள்ளி தோன்றும். அது புழுவின் தலை. மறுநாள் முட்டை முழுதும் நீலம் பாய்ந்து காணப்படும். கரும்புள்ளி தோன்றியதும் முட்டைகளைக் கருந்தாளிலோ கறுப்புத் துணியிலோ பொதிந்து முழு இருளில் வைத்தல் வேண்டும். முந்திக்கொள்ளும் முட்டைகள் இருளில் தாமதிக்கும். பிந்தியவை அவற்றை எட்டிப்பிடிக்கும். பொரிக்கும் நாளன்று காலையில் திறந்து வெளிச்சம் காட்டினால் பெரும்பாலானவை ஒருசேரப் பொரியும்.

ஒருசேரப் பொரிதலுக்கு ஏன் இத்துணை முதன்மை? புழு தன் வாழ்நாளில் நான்கு முறை தோலுரிக்கிறது. தோலுரிக்கும்போது அது உண்ணாது, அசையாது கிடக்கும். ஒரே தட்டில் முந்திப் பொரிந்தவையும் பிந்திப் பொரிந்தவையும் கலந்திருந்தால், ஒரு பகுதி உறங்கும்போது மறு பகுதி பசித்திருக்கும். இலையிட்டால் தோலுரிப்பவை இலைக்கடியில் புழுங்கும். இலையிடாவிடில் மற்றவை மெலியும். இவ்வேற்றுமை இறுதிவரை நீங்காது. நோய்கள் முதலில் பற்றுவதும் மெலிந்த புழுக்களையே.

காந்தலூரிலும் வட்டவடையிலும் டிசம்பர், ஜனவரி இரவுகள் மிகக் குளிர்ந்தவை. அறையைச் சூடேற்றாமல் அங்கே அடைகாத்தால் பொரிப்பு நாட்கணக்கில் தள்ளிப்போவதுடன் சிதறியும் நிகழும். கூடு விற்பனைக்காக வளர்ப்போருக்கு இழப்பு இந்த அளவோடு நிற்கும். விதைக்கூடு வளர்ப்போருக்கோ கோகுரேயின் விதி நேரடியாகப் பொருந்தும்: குளிர்ந்த இருளறையில் அடைகாத்த முட்டையிலிருந்து வரும் தாய்கள், உறங்கும் முட்டைகளுடன் உறங்காதவற்றையும் கலந்து இடக்கூடும். வித்தகத்தின் அட்டவணை முழுதும் அதனால் குலையும்.

இவ்விடர்கள் பலவற்றைத் தவிர்க்க, அடைகாத்தலையும் முதல் இரு தோலுரிப்புகளையும் இளம்புழு வளர்ப்பு மையத்திடம் ஒப்படைத்து, இரண்டாம் தோலுரிப்புக்குப் பின் புழுக்களாகப் பெறுவது இன்று பரவலான வழக்கம். அவ்வாறு பெறுவோரும் அம்மையத்தில் முட்டை எந்நாளில் பொரிந்தது, எத்தனை விழுக்காடு பொரிந்தது என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரு சரிவுகள், இரு பருவங்கள்

சித்தூர் போன்ற சமவெளிப் பகுதியில் மார்ச் முதல் மே வரை இருசந்ததிப் புழுவுக்குக் கடுங்காலம். முதிர்புழுவுக்கு உகந்த 24, 25 டிகிரியை அக்காலத்தில் பேணுவது எளிதன்று. கூரைக்கு மேல் தென்னங்கீற்று, ஈரச்சாக்கு, மாலைக்குப் பின் சன்னல் திறப்பு என ஆயத்தம் உள்ளோர் மட்டும் அளவைக் குறைத்து வெண்பட்டைத் தொடரலாம். ஏனையோர் வெப்பம் தாங்கும் கலப்பினத்தை நாடுவதோ தோட்டத்துக்கு ஓய்வளிப்பதோ நலம். மறையூர் உயரத்தில் அம்மாதங்களே வளர்ப்புக்கு இனிய காலம். பருவமழை மாதங்களில் இரு பகுதிகளிலும் ஈரம் மிகுந்து சுண்ணாம்புக்கட்டி நோய் தலைகாட்டும். படுக்கையை உலர்வாக வைத்தலும் சுண்ணாம்புத்தூள் தூவுதலும் காற்றோட்டமும் அதற்குத் தடை. குளிர்மாதங்களில் மலைப்பகுதிக்கு அறைவெப்பம் தேவை. சமவெளிக்கு அதுவே சிறந்த பருவம்.

எனவே மலையில் இருப்பவரும் சமவெளியில் இருப்பவரும் ஒரே நாளில் ஒரே முட்டையைக் கேட்டுப் பெறுதல் பொருந்தாது. அண்டை ஊராரைப் பார்த்து முட்டை பதிவு செய்யும் வழக்கத்தை விட்டு, தம் அறையின் வெப்பமானியைப் பார்த்துப் பதிவு செய்தல் நன்று.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுதல்

தோட்டத்தில் கவாத்து செய்த நாளிலிருந்து எண்ணினால் முட்டை பெற வேண்டிய நாள் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சமவெளியில் ஒருவர் ஜனவரி 5 அன்று கவாத்து செய்கிறார் எனக் கொள்வோம். 55 நாட்களில், அதாவது மார்ச் 1 அன்று, முதிர்புழுவுக்கு ஏற்ற இலை ஆயத்தமாகும். அன்று இரண்டாம் தோலுரிப்பு முடித்த புழுக்கள் வந்து சேர வேண்டுமாயின், அவை பிப்ரவரி 22 அளவில் பொரிந்திருத்தல் வேண்டும். அதற்கு வித்தகத்திலிருந்து பிப்ரவரி 12 அளவில் முட்டை விழித்து வெளிவர வேண்டும். மார்ச் 18 அளவில் புழுக்கள் கூடுகட்ட ஏறும். மார்ச் 25 அளவில் கூடு சந்தைக்குச் செல்லும். கடுங்கோடை முற்றுவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

முட்டை பதிவு செய்வதில் 10 நாள் தாமதித்தால் நேர்வது யாது? இலை முற்றிக் கடினமாகும். இறுதிப் பருவப் புழு ஏப்ரல் வெப்பத்தின் வாயிலில் நிற்கும். அடுத்த கவாத்தும் அதற்கடுத்த முட்டையும் தள்ளிப்போகும். ஆண்டுக்கு ஐந்து முறை இலை எடுக்கும் பாத்தியில் நான்கோடு நின்றுவிட நேரிடும்.

பொரிப்பு விழுக்காட்டின் விளைவையும் கணக்கிடலாம். 200 முட்டைத் தொகுதிகள் 95 விழுக்காடு பொரிந்து, 100 தொகுதிக்கு 65 கிலோ வீதம் 130 கிலோ கூடு தந்ததாகக் கொள்வோம். அதே முட்டை 75 விழுக்காடு மட்டும் பொரிந்தால், மற்றவை மாறாதிருக்க, விளைச்சல் ஏறத்தாழ 103 கிலோவாகக் குறையும். இலைக்கும் மனைக்கும் கூலிக்கும் செய்த செலவில் பெரும்பகுதி குறையாது. அந்த 27 கிலோ கூட்டின் விலையே, பல குடும்பங்களுக்குத் தவணை கட்டியபின் கையில் மிஞ்சும் தொகையாகும்.

கடன் தவணையும் கூடு விற்கும் நாளும்

பட்டு வளர்ப்பில் வருவாய் மாதச் சம்பளம்போல் ஒரே நாளில் வருவதன்று. கூடு விற்ற நாளில் மொத்தமாக வருவது. தோட்டத்தை இரு பாத்திகளாகப் பிரித்து ஏறத்தாழ 35 நாள் இடைவெளியில் மாறிமாறிக் கவாத்து செய்வோருக்கு ஆண்டில் எட்டு முதல் பத்து முறை வருவாய் உண்டு. ஒரே பாத்தியாக வைத்திருப்போருக்கு இடைவெளி நீளும். கடன் விண்ணப்பத்தின்போதே தம் வளர்ப்பு நாட்காட்டியை, கோடையில் ஓய்வளிக்கும் மாதங்கள் உட்பட, எழுதிக் கொடுத்தால், தவணை நாட்களை அதற்கு இயைய அமைப்பது குறித்து வங்கிக் கிளை அலுவலருடன் கலந்துபேச எளிதாகும். தவணை நாளை முன்னிட்டு, பருவம் அல்லாத காலத்தில் அவசரப்பட்டு முட்டை எடுப்பதைக் காட்டிலும் இது பாதுகாப்பானது.

ஒவ்வொரு வளர்ப்புக்கும் ஐந்து குறிப்புகளைப் பதிவேட்டில் எழுதி வைத்தல் பயனுடையது:

1. முட்டைத் தொகுதியின் இனம், வித்தகத்தின் பெயர், தொகுதி எண்.
2. முட்டை வெளிவந்த நாள், எதிர்பார்த்த பொரிப்பு நாள், பொரிந்த நாள்.
3. பொரிந்த விழுக்காடு, ஒரே நாளில் பொரிந்ததா, பிரிந்து பொரிந்ததா.
4. அடைகாத்தல் அறையில் காலை, நண்பகல், இரவு வெப்பம்.
5. கூட்டின் எடை, கிடைத்த விலை.

ஈராண்டுப் பதிவு சேர்ந்தால் தம் ஊருக்கு எந்த மாதத்தில் எந்த முட்டை ஏற்றது என்பதை வேறெவரையும் கேளாமல் அறியலாம். கடன் புதுப்பிக்கும் வேளையிலும் அப்பதிவேடு வளர்ப்பவரின் திறனுக்குச் சான்றாக நிற்கும்.

ஒன்றை மட்டும் இறுதியாக வலியுறுத்த வேண்டும். இலை ஆயத்தமாகவில்லை என்பதற்காக, வளரத் தொடங்கிய முட்டையை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாள் கடத்துவோர் உண்டு. உறங்கும் முட்டையைக் காக்கும் குளிரே வளரும் கருவை வருத்துவது. எந்த நிலையில் எத்தனை நாள் குளிரில் வைக்கலாம் என்பது கருவின் வயதைப் பொறுத்தது. வித்தக அலுவலரைக் கேளாமல் அதனைச் செய்யலாகாது. நாளை மாற்ற வேண்டுமாயின், முட்டை வித்தகத்தில் உறங்கும்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். கவாத்து செய்த அன்றே முட்டைக்குப் பதிவு செய்துவிட்டால் அத்தகைய நெருக்கடி பெரும்பாலும் எழாது.